எய்லரான் வந்த வழி

இறக்கை முனையை ஒட்டி, பின்விளிம்பில் கீல் போட்டு அசையும் பலகைதான் எய்லரான். விமானி ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்தால் வலப்பலகை மேலேறும், இடப்பலகை கீழிறங்கும். விமானம் வலப்பக்கமாக உருளும். இங்கிலாந்தில் மேத்யூ போல்டன் 1868-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மாட்டிப் பார்க்கத்தான் விமானம் இல்லை! 1903-ல் பறந்த ரைட் சகோதரர்களோ இறக்கையையே முறுக்கிச் சமாளித்தார்கள். முதல் உலகப் போருக்குள் எய்லரான் ஜெயித்துவிட்டது.

1936-ல் பறந்த பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் எய்லரான் துணி போர்த்திய சட்டம். மிதமான வேகத்தில் சொன்ன பேச்சைக் கேட்கும். கீழ்நோக்கிப் பாய்ந்து மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டினால் துணி உப்பும், ஸ்டிக் இறுகிப்போகும். வேகம் இரட்டித்தால் பலகைமீது காற்றின் விசை நான்கு மடங்காகும். எதிர்த்துத் தள்ள விமானியின் கைப்பலம் மட்டுமே உண்டு. 1940-41-ல் துணிக்குப் பதில் உலோகத் தகடு போர்த்திய பிறகுதான் கைக்கு விடுதலை கிடைத்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 1941-ல் ஆங்கிலக் கால்வாய் மேல் வந்த ஜெர்மனியின் ஃபோக்-வுல்ஃப் 190 போர் விமானம், விநாடிக்குச் சுமார் 160 டிகிரி உருண்டது. 1942 ஜூனில் ஆர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் விமானி வழிதவறி வேல்ஸின் பெம்ப்ரே தளத்தில் அதைக் கொண்டுவந்து இறக்க, பிரிட்டிஷார் அதைப் பறக்கவிட்டே சோதித்தார்கள். ஸ்பிட்ஃபயர் தரப்பில் ஒரு பதில், இறக்கை முனைகளைக் கழற்றுவது. உருளும் வேகம் கூடியது. அதிக உயரத்தில் திறன் குறைந்தது.

வால்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்து 1988-ல் பறந்த சாகச விமானமான எக்ஸ்ட்ரா 300-இல் எய்லரான் இறக்கையின் பெரும்பகுதிக்கு நீண்டுவிட்டது. அதன் அடியில் தொங்கும் ‘ஸ்பேட்’ என்ற தகடு காற்றை வாங்கி விமானியின் கைக்கு உதவுகிறது. ஒற்றை இருக்கை வகை விநாடிக்கு 400 டிகிரி உருளும். நேராகவும் தலைகீழாகவும் 10 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் பத்து மடங்கு விசையைத் தாங்கும். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரிலோ மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினாலே கார்புரேட்டர் திணறி எஞ்சின் தடுமாறும்.

அப்படியென்றால் புதியதுதான் கெட்டிக்காரனா? வேகத்தைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. எக்ஸ்ட்ரா ஒரு டன்னுக்கும் குறைவு, 300 குதிரைத்திறன். மணிக்கு 400 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியதும் அதன் எல்லை முடிகிறது. துப்பாக்கி, குண்டு, கவசத்தோடு மூன்று டன் எடையில் பறந்த ஸ்பிட்ஃபயருக்கு அதற்கு மேலும் சண்டை இருந்தது. சாகச விமானி தன் வேகத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறார். போர் விமானிக்கு அதைப் பின்னால் துரத்தி வருபவன் முடிவு செய்தான். எய்லரான் அந்த வேகத்திலும் அசைந்தாக வேண்டியிருந்தது.