பஸ் சீட்டுக்கு முன்னால் ரோடு: வைக்கம், கல்பாத்தி, ராமநாதபுரம் சொல்லும் கதை

1955 டிசம்பர் 1. அமெரிக்காவின் மாண்ட்கமரியில் வெள்ளைக்காரருக்கு சீட்டை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். அதன்பின் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். பஸ் கம்பெனியின் பயணிகளில் பெரும்பகுதி அவர்கள்தான் என்பதால் அடி நேராகக் கல்லாப்பெட்டியில் விழுந்தது. பஸ்ஸில் இனம் பிரிப்பது செல்லாது என 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

நம்ம பக்கத்தில் இதே சண்டை அதற்கு முப்பது வருஷம் முன்பே நடந்தது. ஆனால் இங்கே பஸ்ஸுக்குப் போவதற்கு முன்பே தடை: பலருக்கு ரோட்டில் கால் வைக்கவே அனுமதி இல்லை. டிக்கெட்டே வாங்காத ரோட்டை எப்படிப் புறக்கணிப்பது?

ஒரே சாதி, மூன்று ஆட்சி

இன்றைய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களை அன்றைய வரைபடத்தில் தேடினால் தலை சுற்றும். நல்லேப்பிள்ளி இருக்கும் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. பக்கத்திலேயே இருக்கும் பாலக்காடு டவுனும் கல்பாத்தி அக்ரஹாரமும் பிரிட்டிஷ் மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தன. தெற்கே இடுக்கி மலைப்பகுதி, வைக்கம் எல்லாம் திருவிதாங்கூர். ஆக, ஒருவர் எந்த ரோட்டில் நடக்கலாம் என்பதை சாதியோடு சேர்ந்து எல்லைக்கல்லும் முடிவு செய்தது.

ரயில் மட்டும் கொஞ்சம் விசித்திரம். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஒதுக்கிய பெட்டிகள் உண்டு, ஆனால் சாதிவாரியாகப் பெட்டி கிடையாது. ஒரு ஈழவர் டிக்கெட் எடுத்து பாலக்காடு வந்து இறங்கலாம். கல்பாத்தித் தெருவுக்குள் மட்டும் போக முடியாது.

வைக்கத்தில் என்ன செய்தார்கள்?

வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய ரோடுகளில் 'தீண்டல் பலகை' நின்றது. அந்த ரோட்டில் கிறிஸ்தவர், முஸ்லிம் நடக்கலாம், ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது. 1924 மார்ச் 30 அன்று மூன்று பேர் சேர்ந்து அந்தப் பலகையை நோக்கி நடந்தார்கள்: புலையரான குஞ்ஞப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்த பணிக்கர். போலீஸ் சாதியைக் கேட்டது. பணிக்கர் மட்டும் போகலாம் என்றது. அவர் நண்பர்களை விட்டுப் போக மறுத்தார். மூவரும் கைது.

ரோட்டுக்குக் கட்டணம் இல்லை, அதனால் புறக்கணிப்பு வேலைக்கு ஆகாது. அரசுக்கு ஜெயிலை நிரப்பும் தலைவலியைக் கொடுப்பதுதான் வழி. தினமும் அடுத்த குழு போனது. டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன் போன்ற தலைவர்கள் உள்ளே போனதும் ஈரோட்டிலிருந்து பெரியாரை அழைத்தார்கள். ஏப்ரலில் வந்த அவர் இரண்டு தடவை சிறை சென்றார். நாகம்மையாரும் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்.

அரசு தந்திரத்தை மாற்றியது. கைது செய்வதை நிறுத்திவிட்டு தடுப்பு வேலி போட்டது. வேலி முன்னாலேயே தொண்டர்கள் உட்கார்ந்தார்கள். மழைக்கால வெள்ளத்தில் போலீஸ் படகில் நிற்க, இவர்கள் தண்ணீருக்குள் நின்றார்கள். 1925 பிப்ரவரியில் சட்டசபையில் ரோட்டைத் திறக்கும் தீர்மானம் 22-க்கு 21 என ஒரே ஓட்டில் தோற்றது. கடைசியில், அந்த ஆண்டு நவம்பரில், நான்கில் மூன்று ரோடு திறந்தது. கிழக்கு ரோட்டுக்கு 1936 கோயில் நுழைவுப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை முழு வெற்றி என்று எழுதுபவர்கள் இந்த நாலாவது ரோட்டை விட்டுவிடுகிறார்கள்.

கல்பாத்தியில் சட்டம் இருந்ததே?

இருந்தது. இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்றவர்கள் மதராஸ் சட்டசபையில் குரல் கொடுத்ததால், பொது ரோடு, கிணறு, அலுவலகம் எல்லாருக்கும் திறந்தவை என்று 1924 செப்டம்பரில் அரசாணை வந்தது. இரண்டே மாதத்தில், கல்பாத்தித் தேர்த் திருவிழா சமயத்தில், அந்த உரிமையை நம்பித் தெருவுக்குள் போன ஈழவர்கள் அடிபட்டார்கள். அரசாணையைக் காப்பாற்ற வேண்டிய நிர்வாகம் 144 தடை போட்டது. தடை யாருடைய நடையை நிறுத்தியது என்பதைச் சொல்லவே வேண்டாம். பிறகு சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்துகொண்டு அதே தெருவில் நடக்கப் பார்த்தார்கள். பெயரும் மதமும் மாறினால் ரோடு திறக்குமா என்ற சோதனை அது. பேப்பரில் இருந்த உரிமையை மீறுபவருக்கு எந்த நஷ்டமும் இல்லை என்பதுதான் கல்பாத்தியின் சிக்கல்.

சரி, பஸ்?

அந்த நஷ்டத்தைக் கண்டுபிடித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சென்னை பாண்டி பஜார் பெயரில் இருப்பது இவர்தான். தனியார் பஸ் முதலாளிகள் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்த காலம் அது. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த அவர், ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவிட்டார். மாண்ட்கமரியில் பயணிகள் கூட்டாகக் கொடுத்த அழுத்தத்தை இங்கே ஒரு உள்ளாட்சித் தலைவரின் பேனா கொடுத்தது. ஆனால் அந்தப் பேனா எழுதியது சும்மா இல்லை. சௌந்தரபாண்டியன் சுயமரியாதை இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். வைக்கத்திலிருந்து திரும்பிய பெரியார் தொடங்கிய இயக்கம் அது.

இப்போது என்ன சட்டம்?

ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஆறு மாதம் முன்பு, 1955 ஜூன் 1 அன்று, இந்தியாவில் தீண்டாமை குற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. பொது வாகனத்தில் ஏறவிடாமல் தடுப்பதும் அதில் குற்றம். 1976 திருத்தத்துக்குப் பிறகு அதன் பெயர் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே அபராதம். அபராதத் தொகை 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை.