சீட் யாருக்கு?

1979, மே மாதம். லண்டன் டவுனிங் தெரு பத்தாம் நம்பர் வீட்டுக்குள் கையை ஆட்டிக்கொண்டே நுழைகிறார் மார்கரெட் தாட்சர். பிரிட்டனின் முதல் பெண் பிரதமர். ஆகா, அந்த ஊர்ப் பெண்களுக்கு விடிந்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? அதே தேர்தலில் ஜெயித்து வந்த எம்.பி.க்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மொத்தம் 635 பேர். அதில் பெண்கள் 19. தாட்சரையும் சேர்த்துத்தான்!

பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்று அங்கே சட்டம் வந்தது 1918-ல். அறுபது வருஷம் கழித்து இதுதான் லட்சணம். கோளாறு எங்கே? ஓட்டுப்பெட்டிக்கு முன்னாலேயே. கட்சிக்காரர்கள் உட்கார்ந்து வேட்பாளரைப் பொறுக்குகிற அறையில்.

அங்கெல்லாம் மேலிடத்திலிருந்து லிஸ்ட் வருவதில்லை. உள்ளூர்க் கட்சிக் கிளை நாலைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, நேர்காணல் வைத்து, உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டு ஒருவரை நிறுத்தும். பார்க்க ரொம்ப ஜனநாயகம். ஆனால், பெண் வந்து உட்கார்ந்தால் கேள்வி மாறிவிடும். 'நீங்க டெல்லிக்கு, அதாவது லண்டனுக்குப் போயிட்டா குழந்தையை யாரும்மா பாத்துப்பாங்க?' ஆண்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. கடைசியில் ஜெயிக்கிற தொகுதி அண்ணாச்சிக்கு. தோற்கிற தொகுதி அம்மணிக்கு.

எண்பதுகளின் கடைசியில் தொழிலாளர் கட்சி ஒரு வைத்தியம் செய்து பார்த்தது. நேர்காணல் பட்டியலில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும். சரி என்றார்கள். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, டீ கொடுத்து, அனுப்பிவைத்தார்கள்.

1992-ல் அந்தக் கட்சி தொடர்ந்து நாலாவது முறையாகத் தோற்றது. கணக்கைப் போட்டுப் பார்த்தால், பெண்களின் ஓட்டில் துண்டு விழுந்திருந்தது. வியாபாரம் படுத்தால்தானே முதலாளி கடையை மாற்றுவார்? 1993-ல் பிரைட்டன் நகரில் மாநாடு. கட்சி காலி செய்கிற சொந்தத் தொகுதிகளில் பாதி, ஜெயிக்க வாய்ப்புள்ள தொகுதிகளில் பாதி. இவற்றில் பட்டியலே முழுக்கப் பெண்கள்தான் என்று முடிவானது.

ஆண்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்? அங்கேதான் விஷயம். வேட்பாளர் தேர்வில் தொழிற்சங்கங்களின் பிடியைத் தளர்த்தி, ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு ஓட்டு என்று கொண்டுவர தலைவர் ஜான் ஸ்மித் துடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பட்டியலும் அதே தீர்மானத்தில் சேர்ந்துகொண்டது. ஓட்டு விஷயத்தை எதிர்த்த ஒரு பெரிய தொழிற்சங்கம், பெண்கள் விஷயத்தை எதிர்க்க மனமில்லாமல் ஒதுங்கிக்கொண்டது. தீர்மானம் மயிரிழையில் பாஸ்!

சும்மா விடுவார்களா? கட்சிக்காரர்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். ஆண் என்பதால் எங்களை ஒதுக்குகிறார்கள் என்று புகார். பெண்களைக் காப்பாற்றத்தான் 1975-ல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் போட்டார்கள். 1996-ல் அதே சட்டத்தைக் காட்டி, இந்தப் பட்டியல் செல்லாது என்று தீர்ப்பு. ஆனால், அதற்குள் தேர்வாகியிருந்தவர்களைக் கட்சி மாற்றவில்லை. 1997 தேர்தலில் அவர்களில் 35 பேர் ஜெயித்தார்கள். சபையில் பெண்கள் 60-லிருந்து ஒரே தாவாக 120. அதில் தொழிலாளர் கட்சி மட்டும் 101.

பத்திரிகைகள் 'பிளேரின் பேப்ஸ்' என்று கேலி செய்தன. தகுதியில்லாமல் வந்த கூட்டமாம். அந்தப் பட்டியல் வழியாக வந்தவர்தான் ஜாக்கி ஸ்மித். 2007-ல் பிரிட்டனின் முதல் பெண் உள்துறை அமைச்சர்.

2001 தேர்தலில் பட்டியல் கிடையாது. பெண்கள் 118 ஆகக் குறைந்தார்கள். விதி போனதும் பழைய புத்தி திரும்பிவிட்டது, பார்த்தீர்களா? 2002-ல் சட்டத்தையே திருத்தி, விரும்பும் கட்சி இப்படிச் செய்யலாம் என்றார்கள். அப்போதும் எல்லாரும் அடங்கவில்லை. வேல்ஸில் பிளைனா குவெண்ட் என்று ஒரு தொகுதி. தொழிலாளர் கட்சி 19 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த கோட்டை. 2005-ல் அதைப் பெண்கள் பட்டியலுக்கு ஒதுக்கியதும், பீட்டர் லா என்ற உள்ளூர்ப் பிரமுகர் சுயேச்சையாகக் குதித்து ஜெயித்தே விட்டார்.

கட்சி அசரவில்லை. 2019-ல் அதன் 202 எம்.பி.க்களில் 104 பேர் பெண்கள். பாதிக்கு மேல்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை செய்த தொழிலாளர் கட்சி, 2024 வரை ஒரு பெண்ணைக்கூட நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கவில்லை. மார்கரெட் பெக்கெட்டும் ஹாரியட் ஹார்மனும் இடைக்காலத்துக்கு நாற்காலியைப் பார்த்துக்கொண்டதோடு சரி. இப்படிப் பட்டியலே போடாத கன்சர்வேடிவ் கட்சியில், அதற்குள் தாட்சர், தெரசா மே, லிஸ் டிரஸ், கெமி பேடனாக் என்று நாலு பெண் தலைவர்கள். ஒருத்தி உச்சிக்குப் போவது வேறு, நூறு பேர் உள்ளே வருவது வேறு. உச்சிக்குப் போன தாட்சருக்குப் பின்னால் கதவு திறந்தே இருந்ததா என்ன?

ஆகவே, அடுத்த முறை ஏதாவது கட்சியின் மகளிர் மாநாட்டுக்குக் கூட்டம் அலைமோதியது என்று செய்தி படித்தால், தலைகளை எண்ணாதீர்கள். தேர்தல் வரும்வரை காத்திருங்கள். ஜெயிக்கிற தொகுதியில் எத்தனை பெண்களுக்கு சீட் என்று எண்ணுங்கள்.