தோல்வழி மின்தூண்டல்

தோலின் மீது ஒட்டப்படும் மின்முனைகள் வழியாகச் சிறிதளவு மின்னோட்டத்தைச் செலுத்தி, அடியிலுள்ள நரம்புகளைத் தூண்டி வலியைத் தணிக்கும் முறை தோல்வழி நரம்பு மின்தூண்டல் எனப்படும். மருந்தும் ஊசியும் அறுவையும் வேண்டாத இம்முறை மருத்துவமனைகளில் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ‘டென்ஸ்’ என்றே வழங்குகிறது. தமிழகப் பிசியோதெரபி நிலையங்களுக்கு மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் வருவோர் இதனையும் இதனையொத்த பிற சிகிச்சைகளையும் வேறுபடுத்தாமல் ‘கரண்ட் வைப்பது’ என்பர்.

மின்சாரம் இன்னதென்று அறியப்படுவதற்கு முன்பே அது வலிக்கு மருந்தாகியிருந்தது. எகிப்தின் சக்காராவில் உள்ள பழங்கல்லறைச் சிற்பங்களில் நைல் ஆற்றின் மின்கெளுத்தி காணப்படுவதைக் கொண்டு அம்மீன் மருத்துவத்திற்கும் பயன்பட்டது என்று சிலர் கருதினும், மீன்பிடிக் காட்சி என்பதற்கு மேல் அச்சிற்பங்கள் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. தெளிவான முதற்சான்று, உரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் கி.பி. 47-ஐ ஒட்டித் தொகுத்த மருந்து நூலில் கிடைக்கிறது. நாட்பட்ட தலைவலிக்கு உயிருள்ள கரிய மின்திருக்கையை வலிக்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்றும், அவ்விடம் மரத்ததும் உடனே எடுத்துவிட வேண்டும் என்றும், சில வேளைகளில் இரண்டு மூன்று மீன்கள் வேண்டியிருக்குமாதலால் பலவற்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது என்றும் அவர் கூறுகிறார். கவுட் எனப்படும் கீல்வாதத்திற்கோ, நோயாளி அலை வந்து நனைக்கும் கடற்கரையில் மீனைக் காலடியில் வைத்து, முழங்கால் வரை மரத்துப்போகும் மட்டும் நிற்க வேண்டும். உரோமப் பேரரசர் திபேரியுஸின் விடுதலை பெற்ற அடிமையான அந்தேரோஸ் என்பவர் இவ்வாறே குணமடைந்ததாக அந்நூல் சொல்கிறது. பின்வந்த மருத்துவர் கேலன், செத்த மீனால் பயனில்லை, உயிருள்ள மீனே பலன் தருகிறது என்று எழுதினார்.

இதன்பின் பதினெட்டாம் நூற்றாண்டு வரை சொல்லத்தக்க வளர்ச்சி இல்லை. 1745–46-இல் மின்னைச் சேமிக்கும் லைடன் சாடி உருவானதும் மீனுக்குப் பதில் பொறி வந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி 1760-இல் மின்மருத்துவ நூலொன்றை வெளியிட்டார். மின்திருக்கையின் அதிர்ச்சி மின்சாரமே என்பதை ஆங்கிலேய ஆய்வாளர் ஜான் வால்ஷ் பிரான்சின் லா ரோஷேல் கடற்கரையில் ஆராய்ந்து காட்டியது 1772-இல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்கச்சைகள் எல்லா நோய்க்கும் விற்கப்பட்டதால் இத்துறையின் மதிப்புக் குன்றியது. 1919-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற எலக்ட்ரீட் என்ற மின்தூண்டல் கைக்கருவியும் அந்த வணிகத்தின் வழித்தோன்றலே எனினும், பின்னாளைய ஆய்வுக்கு அது எதிர்பாராத வகையில் உதவியது.

திருப்பம் 1965-இல் நேர்ந்தது. வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் அவ்வாண்டு முன்வைத்த வாயிற் கட்டுப்பாட்டுக் கொள்கையின்படி, தொடுவுணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச்செய்தி தண்டுவடத்திலேயே தடுக்கப்படுகிறது. இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதற்கும் இதுவே விளக்கமாகக் கூறப்படுகிறது. இதனைச் சோதிக்க முனைந்த வாலும் நரம்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்வீட்டும் முதலில் தம் முகத்திலேயே, கண்ணுக்குக் கீழே ஓடும் நரம்பில், மின்முனையைச் செலுத்திப் பார்த்தனர். நாட்பட்ட கடும் வலியுடைய எட்டு நோயாளிகளிடம் நொடிக்கு 100 துடிப்புகள் வீதம் செலுத்திய முடிவுகளை 1967-இல் வெளியிட்டனர்; அவர்களுள் நால்வருக்கு இரண்டு நிமிடத் தூண்டலுக்குப் பின் அரைமணி நேரத்திற்கும் மேல் வலி தணிந்திருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தண்டுவடத்தில் மின்தூண்டியைப் பொருத்தத் தொடங்கிய நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி, அந்த அறுவைக்கு ஏற்றவர் யார் என்று அறியப் பழைய எலக்ட்ரீட் கருவியைப் பயன்படுத்தினார். தோல்மீது செலுத்திய மின்னோட்டமே சிலருக்குப் போதுமானதாக இருந்ததால், தேர்வுக் கருவி சிகிச்சைக் கருவியாயிற்று. உடலில் அணியத்தக்க டென்ஸ் கருவிக்கு 1974-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது.

வாயிற் கொள்கை பின்னர்ப் பல திருத்தங்களுக்கு உள்ளாயிற்று. உடலே சுரக்கும் அபின்போன்ற பொருள்களுக்கும் இந்த வலித்தணிப்பில் பங்குண்டு என்று ஆய்வுகள் காட்டினும், ஒவ்வொரு வகைத் தூண்டலிலும் அப்பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பயனைப் பற்றிய வழக்கு இதைவிடக் கடுமையானது. 1990-இல் வெளியான, நாட்பட்ட இடுப்புவலி உடைய 145 பேரிடம் நடந்த ஆய்வில், உண்மையான கருவிக்கும் மின்சாரம் பாயாத போலிக் கருவிக்கும் வேறுபாடு புலப்படவில்லை. 2022-இல் 381 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடோ, தூண்டலின்போதும் முடிந்த உடனேயும் போலிக் கருவியைக் காட்டிலும் வலி குறைகிறது என்றது. மின்னோட்டத்தின் அளவு போதுமானதாக இல்லாத ஆய்வுகளே முறையைத் தோற்கச் செய்தன என்பது ஆதரவாளர் வாதம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு இடுப்புவலிக்கு இதனைப் பரிந்துரைப்பதில்லை.

ஒற்றைத் தலைவலியைத் தடுக்க நெற்றியில் அணியும் மின்தூண்டி ஒன்றுக்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனினும் தோல்வழித் தூண்டலில் எச்சரிக்கையும் வேண்டும்: இதயமுடுக்கி பொருத்தப்பட்டோர் மருத்துவரைக் கேளாமல் டென்ஸ் கருவியைப் பயன்படுத்தலாகாது. கழுத்தின் முன்புறத்தில் மின்முனைகளை எவரும் ஒட்டலாகாது.