ஒரே ஓர் எலும்புக்காகப் பிறக்கும் கருவி

ஸ்கோலியோசிஸ் வந்த முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு நிற்பதில்லை. அதிலுள்ள முள்ளெலும்புகள் திரும்பியும் கொள்கின்றன. வளைவு கடுமையானால் எலும்புகளுக்குள் திருகாணிகளை இறக்கி, உலோகத் தண்டுகளால் இணைத்து நிமிர்த்துகிறார்கள். திருகாணி நுழைய வேண்டிய வழி பெடிக்கிள் என்னும் குறுகலான பகுதி. வளைவின் உட்பக்கத்தில் அதன் அகலம் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அங்கே தண்டுவடமும் அதை நெருங்கியே ஓடுகிறது. வழி பிசகினால் நரம்பு பாதிக்கப்படலாம்.

அந்த வழியைக் காட்டத்தான் முப்பரிமாண அச்சில் ஒரு சிறு நைலான் வழிகாட்டி பிறக்கிறது. சுவிட்சர்லாந்தின் மெடாக்டா நிறுவனம் ‘மைஸ்பைன்’ என்ற பெயரில் இத்தகைய வழிகாட்டிகளைச் செய்துதருகிறது.

அதன் பயணம் நோயாளியின் சி.டி. ஸ்கேனில் தொடங்குகிறது. பொறியாளர்கள் அந்தப் படங்களிலிருந்து எலும்பை மட்டும் பிரித்தெடுத்துக் கணினியில் முழு வடிவம் தருகிறார்கள். எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழத்தில் துளையிடுவது என்பதை அறுவை மருத்துவர் அந்தத் திரையில் திருத்தி ஒப்புதல் தருகிறார். பதற்றமில்லாமல் யோசிக்கக் கிடைக்கும் இந்த அவகாசம்தான் இந்தக் கருவியின் பெரிய கொடை என்பேன்.

ஸ்கேனின்போது நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். அறுவை சிகிச்சையின்போது குப்புறப் படுத்திருப்பார். எலும்புகளுக்கு இடையிலான கோணங்கள் அதற்குள் மாறிவிடும். தனி எலும்பின் வடிவம் மாறாது. ஆகவே ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் தனித்தனி வழிகாட்டி.

அடுத்து அச்சு. 1980களில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்டு உருவாக்கிய முறையில், மெல்லியதாகப் பரப்பிய நைலான் தூளை லேசர் கதிர் அடுக்கடுக்காக உருக்கி ஒட்டுகிறது. ஆறியதும் ஒட்டாத தூளைத் தட்டி எடுத்தால் கருவி வெளிப்படும்: துளைக்கருவி நுழைய இரண்டு குழாய்கள், எலும்பின் மேடுபள்ளத்தில் அமரும் கால்கள், எந்த எலும்புக்கானது என்று சொல்லும் எண். கூடவே அந்த எலும்பின் மாதிரியும் அச்சாகிறது. மலிவான பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். நைலானோ, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவின் 134 டிகிரி நீராவியைத் தாங்கும்.

ஆபரேஷன் தியேட்டரில் மருத்துவர் முதலில் எலும்பு மாதிரியின் மேல் வழிகாட்டியைப் பொருத்திப் பார்க்கிறார். பிறகு நிஜ எலும்பின் மேல் வைத்து விரலால் அழுத்துகிறார். ஆடினால் வேலை நிற்க வேண்டும். காலடியில் மெல்லிய தசைநார் ஒட்டியிருந்தாலே கருவி சாய்ந்து உட்காரும். சாய்ந்த கருவி தவறான திசையைத் துல்லியமாகக் காட்டும். சுத்தம் செய்து, அசையாமல் அமர்ந்ததை உறுதிசெய்த பிறகே துளை. வழிகாட்டியை எடுத்தபின் மெல்லிய கம்பியால் துளையின் சுவர்களைத் தடவிச் சோதித்துத் திருகாணியை இறக்குகிறார்.

அத்துடன் வழிகாட்டியின் ஆயுள் முடிகிறது. வேறு எந்த முதுகுக்கும் அது பொருந்தாது. மருத்துவக் கழிவோடு போய்ச் சேர்கிறது. திருகாணியும் தண்டும் உடலில் தங்குகின்றன. அச்சு இயந்திரம் மருத்துவரின் கைக்கு மாற்றாக வரவில்லை. அந்தக் கை எடுக்க வேண்டிய கடினமான முடிவுகளை அறுவைக்கு முன்பே எடுக்க வழிசெய்திருக்கிறது. சிக்கலான வளைவோடு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், குடும்பத்தின் பணவசதி எப்படியிருந்தாலும், இந்த முன்யோசனை கிடைத்தாக வேண்டும்.