மேடையும் சாட்சியும்: ஆவணப்படத்தின் வழியே ஒரு வரலாற்று மறுவாசிப்பு

தன் மக்களின் பழமையைப் பாடுவது கவிஞனின் உரிமை. அப்பாட்டு மேடையேறிக் கொடி பிடித்து, 'எம்மோடு நில். இன்றேல் நீ பகைவன்' என்று ஆணையிடத் தொடங்கும்போது அது பாட்டென்னும் நிலையை இழக்கிறது. பாசிசத் தேசியம் அரும்பிய நாளில் அதற்குச் சொல்லும் சடங்கும் சமைத்துத் தந்தவர்களுள் முதல்வர் ஒரு கவிஞர் என்பது, கவிஞர் பலர் கூடும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. அத்தகைய தேசியம் வரலாற்றை எவ்வாறு மேடையாக்குகிறது, ஆவணப்படம் அதனை எவ்வாறு சாட்சிகளிடம் மீட்டுச் செல்கிறது என்பதை, ஆனந்த் பட்வர்தனின் 'ராம் கே நாம்' (1992) என்னும் படத்தை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கவிஞர் சமைத்த மேடை

1919 செப்டம்பர் 12ஆம் நாள், இத்தாலியக் கவிஞர் கப்ரியேலே தன்னுன்சியோ படைவீரர் புடைசூழ ஃபியூமே என்னும் துறைமுக நகருள் புகுந்தார். அந்நகர் இத்தாலிக்கு உரியதா, பின்னர் யூகோஸ்லாவியா எனப் பெயர் பெற்ற அரசுக்கு உரியதா என்னும் வழக்கு முதல் உலகப் போருக்குப்பின் நடந்துகொண்டிருந்த நேரம் அது. 1920 டிசம்பரில் இத்தாலியப் படையே அவரை வெளியேற்றும்வரை, ஏறத்தாழ 16 மாதங்கள் நகர் அவர் பிடியில் இருந்தது. மாடத்தில் நின்று கூட்டத்தை வினவி ஒரே குரலில் விடை பெறுதல், கை உயர்த்தி வணங்குதல், கருஞ்சட்டை, பொருளினும் ஓசையே மிகுந்த முழக்கம் எனப் பலவற்றை அங்கிருந்தே முசோலினி எடுத்தாண்டார்.

ஃபியூமே இன்று குரோவேசியாவின் ரியேக்கா. அவ்வூர் இயக்குநர் இகோர் பெசினோவிச், தம் நகரத்தாரையே நடிக்கச் செய்து அந்நாள்களை மீண்டும் நிகழ்த்திக் காட்டிய படம் 2025இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருதைப் பெற்றது. அதில் கவிஞர் வேடத்தில் பலர் மாறிமாறித் தோன்றுகின்றனர். மாடத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று கண்டவுடன் மாடத்தின் மாயம் கலைகிறது.

அந்த இத்தாலியின்பால் இந்தியாவிலும் சிலருக்கு ஈர்ப்பிருந்தது. இந்து மகாசபையின் முன்னணித் தலைவர் பி. எஸ். மூஞ்சே 1931 மார்ச் 19 அன்று ரோமில் முசோலினியைச் சந்தித்தார். சிறுவர்க்குப் படைப்பயிற்சி தந்த பலில்லா அமைப்பைப் பார்வையிட்டு, அதனைத் தம் நாட்குறிப்பில் பாராட்டி எழுதினார். 1937இல் நாசிக்கில் போன்சாலா இராணுவப் பள்ளியைத் தோற்றுவித்தார். அயோத்திப் பிணக்கை இத்தாலியிலிருந்து இறக்குமதியான சரக்கென்று சுருக்கிவிடுதல் பிழையாகும். அதற்கு இம்மண்ணிலேயே வேர்கள் உண்டு. ஆயினும் ஒரே மக்கள், ஒரே பழமை, ஒரே பகைவன் என்னும் பாடம் ஈரிடத்தும் ஒன்றாகவே ஒலிக்கக் கேட்கிறோம்.

தேரின் கீழ் நின்ற காமிரா

1990 செப்டம்பர் 25 அன்று சோமநாதபுரத்திலிருந்து அத்வானியின் ரத யாத்திரை புறப்பட்டது. அக்டோபர் 23 அன்று பீகாரின் சமஸ்திபூரில் அவர் கைதானார். தேரென்று மக்கள் மலர் தூவி வணங்கிய அது, உண்மையில் தேர்போல் அணிசெய்யப்பட்ட டொயோட்டா ஊர்தி. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஊர்திகள் உருப்பெறுவதை அன்றாடம் காணும் நமக்கு, தகடும் சாயமும் எங்கே முடிந்து புனிதம் எங்கே தொடங்குகிறது என்னும் வினா எளிதில் எழும்.

பட்வர்தனின் காமிரா தேரைக் காட்டுவதோடு அமையாமல், தேரின் கீழ் நிற்போரை அணுகுகிறது. கோயில் கட்டப் புறப்பட்ட இளைஞர்களிடம், இராமன் பிறந்த காலம் எது என வினவுகிறது. அவர்களுள் சட்டம் பயில்பவர் ஒருவரும் உண்டு. விடை தடுமாறுகிறது, பிறந்த இடத்தைப் பற்றிய உறுதியோ தளரவில்லை. நீண்ட உரை எதுவுமின்றி அத்தடுமாற்றமே பார்ப்பவர்க்கு வரலாற்றுப் பாடமாகிவிடுகிறது.

இதனினும் கனமான சாட்சியம் 1949ஆம் ஆண்டைப் பற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 22-23 இரவில் பாபர் மசூதிக்குள் இராமர் சிலை தானே தோன்றியது என்பது பரப்பப்பட்ட கதை. மகந்த் ராம்சேவக் தாஸ் சாஸ்திரி என்பவரோ, சிலையை உள்ளே வைத்தவர்களுள் தாமும் ஒருவர் என்று மறைவின்றி, மகிழ்ச்சியோடு காமிராமுன் உரைக்கிறார். மாவட்ட ஆட்சியராயிருந்த கே. கே. நாயரின் துணையையும் குறிப்பிடுகிறார். 2019 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்நிலத்தைக் கோயிலுக்கு வழங்கிய அதே தீர்ப்பில், 1949இல் சிலை வைத்ததும் 1992இல் மசூதியை இடித்ததும் சட்டத்துக்குப் புறம்பானவை என்று பதிந்தது.

மற்றொரு சாட்சி பூசாரி லால்தாஸ். நீதிமன்றம் அமர்த்திய இராமஜென்மபூமிப் பூசாரி அவர். நாள்தோறும் இராமனுக்கு வழிபாடு செய்தவரே, இது வாக்குக்கும் பணத்துக்குமான ஆட்டம் என்று அமைதியாகச் சொல்கிறார். பக்திக்கும் பக்தியை முதலாக்கும் அரசியலுக்கும் இடையிலுள்ள தொலைவை அவர் முகத்தில் காண்கிறோம். 1992இல் அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். 1993 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 6ஆம் நாளுக்கு முன்பே முடிந்துவிட்ட படத்தில் அவர் குரல் இன்றும் எஞ்சி நிற்கிறது.

தேசிய விருது பெற்ற இப்படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்தது. நீதிமன்றத்தின் வழியாகவே அது மக்கள் திரைக்கு வந்தது.

கருவி ஒன்று, பயன் வேறு

ஆவணப்படம் எப்போதும் உண்மையின் பக்கமே நிற்கும் என நம்புதல் பேதைமை. லெனி ரீஃபென்ஸ்டால் நாஜிக் கட்சியின் நூரம்பர்க் மாநாட்டைப் படமாக்கி 1935இல் வெளியிட்டதும் ஆவணப்படமே. ஐந்தாண்டு கழித்து, 1940இல், உலகெங்கும் அலைந்து நம் ஏ. கே. செட்டியார் தொகுத்த காந்தியடிகள் படம் வெளிவந்தது. கருவி ஒன்றே. நூரம்பர்க் படத்தில் மக்கள் அணியணியான வரிசைகளாகவே தெரிகின்றனர். அவர்களை எவரும் எதுவும் கேட்பதில்லை. பட்வர்தனும் ஒரு பக்கம் சார்ந்தவரே. வெட்டியும் ஒட்டியும் தொகுத்தவரே. எனினும் அவர் படத்தில் எதிர்த்தரப்பார் தம் வாயாலேயே பேசுகின்றனர்; உழவரும் தொழிலாளரும் பேசுகின்றனர். ஒரு வரலாற்றுப் படத்தை எடைபோட இதனினும் நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

கவிஞர்க்கும் இது பொருந்தும். 1926இல் முசோலினியின் விருந்தினராக இத்தாலி சென்ற தாகூர், வரவேற்பில் மயங்கிப் பாராட்டினார். பின்னர் ரொமேன் ரோலந்தையும், நாடு துறந்து வாழ்ந்த இத்தாலியரையும் சந்தித்து அவர்தம் துயரைக் கேட்டபின், பாசிசத்தைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார். ஃபியூமேக் கவிஞர் கூட்டத்திடம் பேசினார். தாகூர் பாதிக்கப்பட்டவர் பேசக் கேட்டார்.

நாம் வாழும் திருப்பெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மீதேறி, மறைத்து வைக்கப்பட்ட மந்திரத்தை அனைவர்க்கும் அவர் அறிவித்தார் என்கிறது குருபரம்பரை மரபு. அவரும் உயரத்தில் நின்றே பேசினார். எனினும் யாரையும் பகைவராக்கவில்லை. இன்று இவ்வூரைச் சுற்றியுள்ள ஆலைகளில் உத்தரப் பிரதேசத்தவரும் பீகாரியரும் ஒடியரும் நம் பிள்ளைகளோடு சேர்ந்து உழைக்கின்றனர். தேர் கடந்துபோன ஊர்களின் நினைவுகள் அவர்களோடு நம் தெருவுக்கே வந்துள்ளன. நம் ஏரிகளும் வயல்களும் தொழிற்பேட்டையான கதையும் முதியோர் நாவில் இன்னும் இருக்கிறது. அவர்களிடம் சென்று கேட்டு, பெயரும் நாளும் பிழையாது குறித்து, ஒலியிலோ ஒளியிலோ எழுத்திலோ பதிந்து வைப்பது வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாகட்டும் என விழைகிறேன்.