திரும்பி வந்த பாசஞ்சர்

1991-இல் நான் எடுத்த மாணவப் படத்தின் தொடக்கக் காட்சி 2 நிமிடம் 10 விநாடி. 35 எம்.எம். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும்; ஆக 195 அடி. டிஜிட்டலாக மாற்றி வாங்கி, போன மாதம்தான் மடிக்கணினியில் பார்த்தேன். எங்கள் ஊர் அதிராம்பட்டினத்தின் உப்பளத்தில் விடிகிறது. பிறகு ரயில்வே கேட். பட்டுக்கோட்டைக்குப் போகும் பாசஞ்சர், அடுத்த ஷாட்டில் முத்துப்பேட்டைக்கே திரும்பி வருகிறது.

முதல் நாள் கேமராவைத் தண்டவாளத்துக்கு வடக்கே வைத்தேன், மறுநாள் தெற்கே. வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது என்பது அன்றைய சமாதானம். கேமரா பக்கம் மாறியதில் திரையில் ரயிலின் திசையும் மாறிவிட்டது. ஊரில் போட்டுக் காட்டியபோது, படப்பிடிப்பில் எனக்குக் குடை பிடித்த பெரிய காக்கா (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) கேட்டார்: "எத்தனை ரயில்டா வச்சு எடுத்தே?"

ஒரே ரயில்தான் காக்கா. அதுவும் மீட்டர்கேஜ். தஞ்சாவூர் ஜில்லா போர்டு மக்களிடம் செஸ் வசூலித்துப் போட்ட பாதை அது. 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வந்தது. 1902-இல் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு பட்டுக்கோட்டை போனது. அந்த ரயிலை ஒரே வெட்டில் திசை திருப்பிவிட்டேன்.

வெட்டு என்றால் அன்று உண்மையாகவே வெட்டுதான். மெழுகுப் பென்சிலால் ஃபிலிமில் கோடு போட்டு, நறுக்கி, ஓரத்தைச் சுரண்டி, சிமெண்ட் தடவி அழுத்த வேண்டும். அறையெல்லாம் அசிட்டோன் வாடை. மனம் மாறிப் பிரித்து மறுபடி ஒட்டினால் இரண்டு பக்கமும் ஃபிரேம் போகும். அதனால் ஒட்டுவதற்கு முன் நெடுநேரம் யோசிப்போம். யோசித்தும் நான் கோட்டைவிட்டேன்.

சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. ஃபிலிமைப் புரட்டிப் போட்டால் ரயில் திசை மாறும், ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டுவிடும். இல்லையென்றால் இரண்டு ஷாட்டுக்கும் நடுவே திசை தெரியாத ஒன்றைச் செருக வேண்டும். அப்படி ஒன்று என்னிடம் இருந்தது: கேட்காரர் பச்சைக் கொடியைச் சுருட்டுகிறார். மூன்று விநாடி, 72 ஃபிரேம், நாலரை அடி. கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டார் என்று மூன்று விநாடியையும் தூக்கிப் போட்டேன். சிரிப்புக்கு முன்னால் ஒன்றரை விநாடி சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உப்புக் குவியலின் குளோஸ்-அப்பை 11 விநாடி வைத்திருக்கிறேன். அதில் ஒன்றும் நடக்கவில்லை. அதை எடுக்க விடிகாலை நாலு மணிக்கு எழுந்தேன், அவ்வளவுதான் அதற்கான தகுதி.

வெட்டிய துண்டுகளைத் துணிப்பை கட்டிய தொட்டிக்கு மேலே கொக்கிகளில் தொங்கவிடுவது வழக்கம். படம் முடிந்ததும் அவை குப்பைக்குப் போகும். என் கேட்காரரும் அப்படித்தான் போனார். 1994-இல் 'மகாநதி' வந்தது. இந்தியாவில் ஆவிட் கணினியில் தொகுத்த முதல் படம் என்று அதைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் சிமெண்டும் போயிற்று, தொட்டியும் போயிற்று. இப்போது வெட்டியது எதுவும் தொலைவதில்லை. என் மகள் ஒரே காட்சியை ஒன்பது விதமாகத் தொகுத்து ஒன்பதையும் வைத்திருக்கிறாள், எது நல்லதென்று என்னைக் கேட்கிறாள்.

எங்கள் பாதையையும் பெயர்த்து அகலமாக்கிவிட்டார்கள். 2019-இல் அகலப்பாதை ரயில் வந்தது. மீட்டர்கேஜில் கொடி சுருட்டுபவரை இனி எடுக்க முடியாது.

அதனால் 11 விநாடி உப்பில் ஒன்பதைக் கழித்து, மிச்ச இரண்டை இரண்டு ரயிலுக்கும் நடுவில் வைத்தேன். வெள்ளைக் குவியலில் கண் ஒரு கணம் திசையை மறக்கிறது. அப்புறம் எந்தப் பக்கம் போனாலும் ரயில் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

காக்காவுக்கு அனுப்பினேன். அவருக்கு இப்போது எழுபத்தைந்து வயது. இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ரயில் ஒழுங்காப் போவுது. நமக்கு டீ வாங்கிக் கொடுத்தாரே கேட்காரர், அவரை எங்கே காணோம்?"