பொறுப்புணர்வு (ஆளுமைப் பண்பு)

பொறுப்புணர்வு என்பது ஏற்றுக்கொண்ட வேலையை, மேற்பார்க்க ஆளில்லாதபோதும், சொன்ன நேரத்தில் ஒழுங்காக முடிக்கும் இயல்பு. ஆளுமையை அளக்க உளவியலார் கையாளும் ஐம்பெரும் பண்புகளுள் இதுவும் ஒன்று. பால் காஸ்டாவும் ராபர்ட் மெக்ரேயும் 1992-இல் வெளியிட்ட வினாநிரல் இதைச் செயல்திறன், ஒழுங்கு, கடமை தவறாமை, சாதிக்கும் வேட்கை, தன்கட்டுப்பாடு, ஆய்ந்து செயல்படுதல் என்று ஆறு கூறுகளாகப் பிரிக்கிறது. ஆறும் ஒருவரிடம் ஒரே அளவில் அமைவதில்லை. மேசையெல்லாம் காகிதம் இறைந்து கிடந்தாலும் கொடுத்த வாக்கைத் தவறாதவர்கள் உண்டு.

இப்பண்பின் செல்வாக்கு வேலையோடு நிற்பதில்லை. 1921-இல் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1,500 சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து பதிவுசெய்யத் தொடங்கினார். பெற்றோரும் ஆசிரியர்களும் அப்போது தந்த மதிப்பீடுகளை இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஹோவர்ட் ஃபிரீட்மன் குழுவினர், சிறுவயதிலேயே பொறுப்பானவர்கள் எனக் கருதப்பட்டோர் கூடுதல் காலம் வாழ்ந்ததாக 1993-இல் அறிவித்தனர். அந்தப் பிள்ளைகள் எல்லோருமே உயர்ந்த அறிவுத்திறனுக்காகத் தேர்வானவர்கள். ஆகவே ஆயுள் வேறுபாட்டுக்கு அறிவுத்திறனைக் காரணம் காட்டுவது கடினம். புகை, மது, மருந்து, மருத்துவச் சோதனை போன்றவற்றில் நாள்தோறும் எடுக்கும் சிறு முடிவுகள் ஆண்டுக்கணக்கில் திரண்டு பலன் தருகின்றன என்பது காரணத்தின் ஒரு பகுதி.

இது பிறவிக்குணம், மாற்ற முடியாது என்போர் இரட்டையர் ஆய்வுகளைச் சான்று காட்டுவர். மனிதருக்கிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு மரபுவழி வருவதாக அவை சொல்வது உண்மைதான். ஆனால் மரபுவழி வருவதாலேயே ஒன்று மாறாததாகிவிடாது. உயரத்தில் மரபின் பங்கு இதைவிடப் பெரிது. ஆயினும் ஊட்டம் மேம்பட்ட நாடுகளில் பிள்ளைகள் பெற்றோரைவிட உயரமாக வளர்ந்தார்கள். பிரென்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 2006-இல் 92 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்தபோது, பொறுப்புணர்வு சராசரியாக இருபது வயதுக்குப் பின்னும் உயர்ந்துகொண்டே போவது தெரிந்தது. வேலை, குடும்பம் போன்ற பாத்திரங்களை ஏற்பது இதற்கு ஒரு காரணம் என்பது ராபர்ட்ஸின் விளக்கம்.

வளர்க்கும் வழியும் இதிலிருந்தே புலப்படுகிறது: பண்பு செயலைப் பின்தொடர்ந்து வருகிறது. நேதன் ஹட்சன் குழுவினர் 2019-இல் வெளியிட்ட, 15 வாரம் நடந்த ஆய்வில் மாணவர்கள் வாரந்தோறும் சிறு பணிகளை ஏற்றனர். செய்து முடித்தவர்களிடம் மாற்றம் தெரிந்தது. ஏற்றதோடு நின்றவர்களுக்குப் பயனில்லை. வெறும் உறுதிமொழியை நான் நம்பாததற்கு இதுவே காரணம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதற்கு அடுத்து அதைச் செய்வேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது முடிக்கும் வாய்ப்பைக் கூட்டும் என்பதைப் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. மாற விரும்புகிறவர் மாறிவிட்டதாகத்தானே சொல்வார் என்ற ஐயம் நியாயமானது. மிர்ஜாம் ஷ்டீகர் குழுவினர் கைப்பேசிச் செயலி வழி மூன்று மாதம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது: ஒரு பண்பை உயர்த்திக்கொள்ள விரும்பியவர்களிடம் மாற்றத்தை நண்பரும் குடும்பத்தாரும்கூடக் கவனித்தனர்.

அளவு மீறிய பொறுப்புணர்வுக்கு விலையும் உண்டு. கிறிஸ்டோஃபர் பாய்ஸ் குழுவினர் ஜெர்மானியத் தரவுகளைக் கொண்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகாலம் வேலையிழந்தோருள் இப்பண்பு மிகுந்தவர்களின் வாழ்க்கை நிறைவே மற்றவர்களைவிட அதிகம் சரிந்தது. தவறியதற்காகத் தன்னையே வதைத்துக்கொள்வதைப் பொறுப்பின் அடையாளமாகக் கொள்ள வேண்டியதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாள் வரை ஆகும் எனக் கணித்தார்கள்; இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் தடைபடவில்லை.